வறட்சி தாங்கும் நெல் உப்புத் தண்ணீரையும் தாங்குமா?

டிசம்பர் 8

தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு கண்மாய்ப் பாசன ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது, அவர் எழுதியபடியே:

"ஆவணிக் கடைசியில் புழுதி விதைப்பு. ரகம் அண்ணா 4. புரட்டாசி மூன்றாம் வாரம் மழை பெய்து முளைத்தது. கார்த்திகை பிறந்ததும் மழை நின்றுவிட்டது. கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்து போர் தண்ணீரை மணிக்கு இவ்வளவு என்று பேசி விட்டேன். நிலம் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இலை கருகுகிறது. வறட்சியும் உப்பும் பயிருக்கு ஒன்றுதான், ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றதையும் தாங்கும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இது ஏன் தாங்கவில்லை? விதை போலியா?"

டிசம்பர் 8, இரவு

விதைக்கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் இலையைப் பாருங்கள். எந்த இலை, எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில்? இந்த மூன்றும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

தண்ணீர் பற்றாத நெல் முதலில் மேலிலையைச் சுருட்டும். உச்சிவெயிலில் சுருண்டு ஊசியாக நிற்கும், காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் விரிந்திருக்கும். அப்படி விரிந்தால் பயமில்லை, இரவில் வேர் ஈடுகட்டிவிடுகிறது என்று அர்த்தம். காலையிலும் சுருண்டே இருந்தால்தான் நிலைமை மோசம்.

உப்பு வேறு மாதிரி. அடியிலைதான் முதலில் போகும். நுனியிலிருந்து கீழ்நோக்கி வெளுத்து, பிறகு வைக்கோல் நிறமாகி, காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே மங்கலான மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும். அதே தூரில் நடுக்குருத்து பச்சையாகவே நிற்கும். சோடியத்தைக் கிழட்டு இலைகளில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் குருத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது பயிர்.

படம் எடுத்துப் போடுங்கள். தூரத்திலிருந்து வயல் முழுக்க எடுக்க வேண்டாம், அதில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஒரு தூரைப் பிரித்து, அடியிலிருந்து.

டிசம்பர் 9

படம் வந்தது. அடியிலை நுனி வெளுத்திருக்கிறது, குருத்து பச்சை. மேலிலையும் மத்தியானம் சுருளுகிறது என்கிறார். ஆக இரண்டும் சேர்ந்து.

"இரண்டும் ஒன்றுதான்" என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பாதி உண்மை. அந்த முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை இழுப்பது கடினமாகிறது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுகிறதல்லவா, அந்த இழுப்புதான் வேருக்கு எதிராக மண்ணில் நிற்கிறது. நிலம் ஈரமாக இருக்கும், பயிருக்கு எட்டாது. இந்தக் கட்டத்தில் வறட்சியில் வாடும் பயிரும் உப்பில் நிற்கும் பயிரும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைக் கூட்டி இலைத்துளையை மூடும், வளர்ச்சியைக் குறைக்கும், புரோலின், சர்க்கரை என்று எதையாவது செல்லுக்குள் சேர்த்து இழுப்பைச் சமன் செய்யப் பார்க்கும்.

அதன் பிறகு பாதை பிரிகிறது. வறட்சியில் தண்ணீர் வந்தால் பயிர் எழுந்துவிடும். உப்பில் நாளாக ஆக சோடியம் இலையில் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் இலை செத்துவிடும். முதலில் தாகம், அப்புறம் நஞ்சு. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ரானா முன்ஸ் கோதுமையையும் பார்லியையும் வைத்து இந்த இரண்டு கட்டத்தைப் பிரித்துக் காட்டினார். முதல் கட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்த ரகத்துக்கு இரண்டாம் கட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-ல் வந்த அண்ணா 4 மானாவாரிக்கென்று வந்த ரகம். கரிக்கிற போர் தண்ணீரில் நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு கடைக்காரர் ஒரு முறை "எல்லாத்தையும் தாங்கும்ணே" என்று சொல்லி ஒரு ரகத்தைத் தந்தார். களை மட்டும்தான் எல்லாத்தையும் தாங்கியது.

டிசம்பர் 10

தண்ணீரின் இ.சி. (உப்பைக் காட்டும் மின்கடத்தல் அளவு, டெசிசீமன்ஸ் என்ற அலகில்) என்ன என்று கேட்டதற்கு, "வாயில் ஊற்றிப் பார்த்தேன், லேசாகக் கரிக்கிறது" என்று பதில். அண்ணே, நாக்குக்கு டெசிசீமன்ஸ் தெரியாது. ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் சட்டைப்பையில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருப்பார், அவரைப் பிடியுங்கள்.

காரைக்குடிக்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது. சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்கள். கிழக்கே போகப் போகத்தான் கதை மாறும்.

டிசம்பர் 11

மீட்டர் 1000 பி.பி.எம். (லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு) காட்டியதாம். "குடிக்கவே சிலர் இதைக் குடிக்கிறார்களே, பயிருக்கு என்ன?" என்கிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 கிராம் என்று வைத்தால்கூட 200 கிலோ உப்பு. ஒரு தண்ணீருக்கு நாலு மூட்டை. தண்ணீர் ஆவியாகிப் போகும், இலை வழியாகப் போகும். உப்பு எங்கேயும் போகாது. அடுத்த தண்ணீரில் இன்னும் நாலு மூட்டை. நாம் குடிக்கிற உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் இருக்கிறது. வயலுக்கு வடிகால்தான் அது. உங்கள் வயலுக்கு வடிகால் எங்கே?

டிசம்பர் 11, இரவு

மத்தியானம் போட்ட கணக்கோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இந்தக் கைமீட்டர்கள் நேரடியாக உப்பை அளப்பதில்லை. மின்கடத்தலை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டும். பல மீட்டர்களில் அந்த எண் 0.5. பாசனக் கணக்கில் 0.64 என்று வைப்பது வழக்கம். ஆக மீட்டரில் 1000 என்றால் இ.சி. 2, உண்மையான உப்பு லிட்டருக்கு 1.28 கிராம் பக்கம். நாலு மூட்டை ஐந்து மூட்டையாகிவிட்டது.

இரண்டு, இது அத்தனையும் சமையல் உப்பு அல்ல. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் அதில் உண்டு. கால்சியம் இருப்பது நல்லது, சோடியம் வேருக்குள் நுழைவதைக் கொஞ்சம் தடுக்கும். பைகார்பனேட் கூடினால் கெட்டது, கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கி உட்கார வைத்துவிட்டு சோடியத்தை மட்டும் நிற்க வைக்கும். அப்போது உவர் (உப்பு கூடிய மண்) மெதுவாகக் களராக (சோடியம் துகளில் ஒட்டிக்கொண்ட மண்ணாக) மாறும். தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் இதைப் பிரித்துச் சொல்வார்கள். மீட்டர் சொல்லாது.

டிசம்பர் 13

"அப்படியென்றால் போர் தண்ணீரை நிறுத்திவிடட்டுமா?"

இதுதான் சரியான கேள்வி. பதில் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்கிறேன்: நிறுத்த வேண்டாம்.

காரணம் பயிரின் வயது. புரட்டாசி மூன்றாம் வாரம் முளைத்த நூறு நாள் ரகம் இப்போது தொண்டைக்கதிர் நிலைக்கு வருகிறது. கதிர் வெளியே தெரிவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், பொதிக்குள்ளே மகரந்தம் உருவாகும் நேரம். அந்த நாட்களில் தண்ணீர் தப்பினால் மகரந்தத்துக்கு மாவுச்சத்து சேராது, மலடாகிவிடும். பூப்பதும் தள்ளிப்போகும். கதிர்க்காம்பு நீளாமல் நின்று, கதிரின் அடிப்பாகம் பொதிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய மணி அத்தனையும் பதர். தூர் கட்டும் பருவத்தில் இரண்டு வாரம் காய்ந்தாலும் நெல் பின்னால் பாதியையாவது ஈடுகட்டும், இப்போது தவறினால் ஈடுகட்ட அதற்கு நாளில்லை.

உப்புக்கும் ஒரு பருவ அட்டவணை உண்டு. முளைக்கும்போது நெல் நன்றாகவே தாங்கும். இரண்டு மூன்று இலை நாற்றாக இருக்கும்போது சட்டென்று செத்துவிடும். தூர் கட்டும்போது மறுபடி தாங்கும். கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரை மறுபடி தாங்காது. ஆக உங்கள் வயலில் இப்போது இரண்டு கெட்ட நேரமும் ஒன்றாக விழுந்திருக்கிறது.

இதில் எது பெரிய கெடுதல்? இ.சி. 2 தண்ணீர் விளைச்சலைக் குறைக்கும், அழிக்காது. தண்ணீரே இல்லாமல் விட்டால் தொண்டைக்கதிரில் மொத்தமும் பதராகிவிடும். அதனால் நான் விடுவேன். ஒரே நிபந்தனை, நிலம் வெடிக்கக் காயவிட்டு அப்புறம் விடக் கூடாது. மண்ணில் ஈரம் பாதியானால் மிச்ச ஈரத்தில் உப்பு இரட்டிப்பு. சேறு குழையும் ஈரத்திலேயே அடுத்த தண்ணீர் போக வேண்டும்.

கண்மாய்ப் பள்ளத்தில் மிச்சம் கிடக்கும் தண்ணீரை இன்ஜின் வைத்து இறைத்து, போர் தண்ணீரோடு வாய்க்காலில் கலந்து விட முடிந்தால் இன்னும் நல்லது. மீன் குத்தகைக்காரர் சண்டைக்கு வருவார். அது உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து, நான் தலையிடவில்லை.

டிசம்பர் 14

நேற்றைய பதில் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இ.சி. 4 என்று இருந்திருந்தால் இதே பதிலைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அப்போது ஒரு பகுதியைக் கைவிட்டு, கலந்த தண்ணீர் எட்டுகிற அரை ஏக்கரை மட்டும் காப்பாற்றச் சொல்லியிருப்பேன். அரை வயலை விட்டுக்கொடு என்று சம்சாரியிடம் சொல்வது எளிதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. எங்கள் அய்யா கேட்டதே இல்லை, முழு வயலுக்கும் பத்தாத தண்ணீரைச் சமமாகப் பங்கிட்டு முழு வயலையும் காயப்போடுவார்.

டிசம்பர் 15

வேறொருவர், "கோதுமை, சோளம் எல்லாம் நெல்லைவிட உப்பு தாங்குமாமே, எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்.

1977-ல் மாஸ், ஹாஃப்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொகுத்த கணக்கைத்தான் இன்னும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். மண்ணின் இ.சி. எவ்வளவு வரை விளைச்சல் குறையாது, அதைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் எவ்வளவு சதவீதம் குறையும் என்று இரண்டு எண். நெல்லுக்கு எல்லை 3, அதன் பிறகு அலகுக்கு 12 சதவீதம். அதாவது 7-ஐத் தாண்டும்போது பாதி விளைச்சல் போய்விடும். மக்காச்சோளம் இன்னும் மோசம், 1.7-லேயே குறைய ஆரம்பிக்கும். கோதுமைக்கு 6, பார்லிக்கு 8. பார்லிக்கு அதன் பிறகும் அலகுக்கு 5 சதவீதம்தான் சரிவு, இந்தத் தானியங்களில் அதுதான் கெட்டி. சோளத்தின் எண் பின்னால் வந்த ஆய்வில் கிடைத்தது, வேடிக்கையானது: எல்லை 6.8, அதைத் தாண்டியதும் அலகுக்கு 16 சதவீதம். தாங்கும் வரை தாங்கி, தாங்காதபோது ஒரேயடியாகச் சரிந்துவிடும்.

தெற்கு மெசபடோமியாவில் பாசன உப்பு ஏறி ஏறித்தான் கோதுமையை விட்டுப் பார்லிக்கு மாறினார்கள் என்று 1958-ல் ஜேக்கப்சனும் ஆடம்ஸும் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு நேர்க்கோடாகச் சொல்ல முடியாது என்று மறுத்தார்கள். எப்படியோ, தேவகோட்டையில் ஆரம்பித்து சுமேரியா போய்விட்டேன். திரும்பி வருகிறேன்.

டிசம்பர் 16

வந்ததும் ஒரு எச்சரிக்கை. நேற்று எழுதிய 3, 6, 8 எல்லாம் மண்ணைக் குழம்பாகக் கரைத்து உறிஞ்சி எடுத்த சாற்றின் இ.சி. நம் மண்பரிசோதனை அட்டையில் வருவது ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கிய அளவு. அது நீர்த்தது. மணல்பாங்கான மண்ணில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். அட்டையில் 0.9 என்று பார்த்துவிட்டு "மூன்றுக்குக் கீழேதானே" என்று யாரும் நிம்மதியாகப் படுத்துவிட வேண்டாம். ஏற்கனவே இரண்டு பேர் அப்படி எழுதிவிட்டார்கள்.

டிசம்பர் 19

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "நாட்டு ரகம் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே. நம் செட்டிநாட்டுக் கவுனி தாங்காதா?"

கவுனி மேல் எனக்கும் ஆசைதான். கல்யாண வீட்டில் கவுனி அரிசி வைத்தால் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிற ஆள் நான். ஆனால் கறுப்பு நிறத்துக்கும் வறட்சிக்கும் சம்பந்தமில்லை, அந்தச் சாயம் தவிட்டில் இருக்கிறது. கவுனி நெடுநாள் பயிர், ஆளுயரம் வளரும். மார்கழியில் தண்ணீர் தீர்ந்துபோகும் கண்மாய்க்குக் கீழே தை தாண்டி நிற்கும் பயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கு நிச்சயமான தண்ணீர் வேண்டும்.

தாங்கும் நாட்டு ரகங்கள் உண்டு. ராமநாதபுரம் பக்கத்து நொறுங்கனும் குழியடிச்சானும் புழுதி விதைப்புக்கே பழகியவை. குழியடிச்சான் உவரையும் ஓரளவு பொறுக்கும். உவருக்கென்றால் கேரளத்துப் பொக்காளி, வங்கத்து நோனா போக்ரா. ஆனால் பொக்காளியைக் கொண்டுவந்து கானாடுகாத்தான் செம்மண்ணில் மானாவாரியாக விதைத்தால் காய்ந்து போகும். அது கடலோரச் சதுப்பில் தண்ணீருக்குள் நின்று பழகிய பயிர். அதன் உப்புத் தாங்கும் திறன் அந்த இடத்துச் சங்கதி.

எங்கள் அப்பத்தா விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து கோட்டை கட்டும்போது மேட்டு வயலுக்கு ஒன்று, கண்மாய்க் கரையோரத் தாழ்வுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் கட்டும். "எல்லாத்துக்கும் ஒண்ணு"ங்கிற பேச்சே அதனிடம் கிடையாது. "நாட்டு ரகம்" என்று மொத்தமாக ஒரு பெயர் வைத்து எல்லாவற்றையும் அதில் போடுவது நாம் பிறகு செய்த வேலை.

டிசம்பர் 20

ஆமாம், திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியின் டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டவருக்கு: அவை முக்கியமாகக் களர் நிலத்துக்கு. பழைய கோ 43-ம் அந்த வகையில் பெயர் வாங்கியதுதான். ஆனால் நூறு நாளில் வராது. உங்கள் கண்மாய்த் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதை முதலில் எண்ணிவிட்டு ரகத்தை எண்ணுங்கள்.

டிசம்பர் 22

"ஆழ வேர் போகும் நெல் கண்டுபிடித்துவிட்டார்களாமே."

உண்டு. ஜப்பானில் உகா என்பவர் குழு 2013-ல் வெளியிட்டது. பிலிப்பைன்ஸின் கினாண்டாங் படோங் என்ற மேட்டுநெல்லிலிருந்து டி.ஆர்.ஓ. 1 என்ற மரபணுவை எடுத்து ஐ.ஆர். 64 நெல் ரகத்தில் சேர்த்தார்கள். வேர் பக்கவாட்டில் படராமல் செங்குத்தாக இறங்கியது, வறட்சியில் விளைச்சலும் நின்றது.

சந்தோஷம். நம்மூரில் எத்தனை வயலில் அந்த வேர் இறங்க இடம் இருக்கிறது? பள்ளத்தூரைச் சுற்றி நான் பார்த்த வயல்களில் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் முழம் இறங்குவதற்குள் செம்புறாங்கல் டங்கென்கிறது. அதற்கு மேலே டிராக்டர் வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் ஓட்டி இறுக்கிய தட்டு வேறு. வேர் அதில் முட்டிப் படுத்துக்கொள்ளும். தாழ்வான வயலில் இன்னொரு சிக்கல், கீழ்மண்ணில்தான் உப்பு நிற்கிறது என்றால் ஆழ வேர் நேராக அதற்குள் போய் உட்காரும். வறட்சிக்கு நல்ல குணம் உப்புக்குக் கெட்ட குணமாவது இந்த இடத்தில்தான்.

மேட்டு நிலத்துக்குக் கோடை உழவை ஆழமாகப் போடுங்கள். அதற்கு மரபணு தேவையில்லை.

டிசம்பர் 27

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் உயிர்ப் பிரச்சினை. கல்லல் பக்கத்து ஒருவர், தீவனத்துக்கு விதைத்த சோளம் முழங்கால் உயரத்தில் வாடிக் கிடக்கிறது, "வீணாகப் போவதற்கு மாட்டை விட்டு மேயவிடலாமா?" என்கிறார்.

வேண்டவே வேண்டாம். சோளம் துர்ரின் என்ற பொருளைத் தன் இலையில் வைத்திருக்கிறது. இளம்பயிரிலும், வாடி நின்றுபோன பயிரிலும், வெட்டிய பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் அது அதிகம். மாடு மென்றதும் அது உடைந்து சயனைடு வெளிவரும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பசு இப்படிப் போனது. கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லையில் புகுந்தது, மேய்ந்து முடித்து வெளியே வரக்கூட இல்லை. மூச்சு வாங்கி, கால் பின்னி, விழுந்தது. கண்ணேறு என்று கிழவிகள் சொன்னார்கள், பாம்பு என்று ஆண்கள் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் வந்து வாயிலிருந்த சோளத் தழையை எடுத்துக் காட்டினார்.

பயிருக்கு இது தற்காப்பு. வாடி நிற்கும்போது தின்னப்படுவதைத் தடுக்கிறது, நைட்ரஜனையும் சேமித்து வைக்கிறது. பூத்து முற்றிய பிறகு அறுத்து, நன்றாக வெயிலில் காய வைத்த தட்டையில் நஞ்சு பெரும்பாலும் குறைந்துவிடும். இப்போதைக்குக் கொல்லையைச் சுற்றி முள்ளைப் போடுங்கள். சீமைக் கருவேல முள்ளுக்கா நம் ஊரில் பஞ்சம்.

கம்புக்கு இந்தத் தொல்லை இல்லை. வறட்சிக்கு அது வைத்திருக்கும் உபாயமும் வேறு: தாய்த் தண்டு காய்ந்துபோனாலும் பக்கக் கிளைப்புகள் வெவ்வேறு நாளில் கதிர் விடும். எந்த மழை வந்தாலும் ஏதாவது ஒரு கிளைப்பு பிடித்துக்கொள்ளும். நெல்லோ ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பணயம் வைக்கிற பயிர்.

ஜனவரி 3

பொட்டாஷ் தெளிப்பு பற்றி. 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள், "ஏற்கனவே உப்பில் சாகிற பயிருக்கு இன்னொரு குளோரைடா?" என்று கேட்டவர் புத்திசாலி. ஆனால் அளவைப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 2 கிலோ. போர் தண்ணீர் ஒரு தடவைக்கு 250 கிலோ கொண்டுவருகிறது. இந்த 2 கிலோவைக் கண்டு பதற வேண்டாம். சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் உப்பு நஞ்சின் பாதிக் கதை, அதனால் இலைவழிப் பொட்டாசியம் கொஞ்சம் உதவும். வெயில் தாழ்ந்து தெளியுங்கள். அதற்காக அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதே மருந்தை விதைக்கும் முன்பே பயன்படுத்துவது இன்னும் லாபம்: 1 சதவீதக் கரைசலில் விதையை 16 மணி நேரம் ஊற வைத்து நிழலில் பழைய ஈரத்துக்குக் காய வைத்து விதைப்பது. புழுதி விதைப்புக்கு வேளாண் பல்கலைக்கழகம் வெகுகாலமாகச் சொல்லி வருவது. செலவு ஒன்றும் இல்லை, அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

ஜனவரி 9

டிசம்பர் 9-ல் "பாதை பிரிகிறது" என்று எழுதியதை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார். பிரிகிறது என்றால் எங்கே, எப்படி?

நெல் வேரில் ஒரு ஓட்டை உண்டு. சோடியம் செல்லுக்குள் நுழையாமலேயே, செல்களுக்கு நடுவிலுள்ள சந்துகள் வழியாகத் தண்ணீரோடு நழுவி மேலேறிவிடும். கோதுமையைவிட நெல்லில் இந்தக் கசிவு அதிகம். மேலேறும் சோடியத்தைத் தண்டுக்குப் போகும் வழியிலேயே பிடித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. அது நன்றாக வேலை செய்யும் ரகத்தில் இலைக்குச் சோடியம் குறைவாகப் போகும். நோனா போக்ராவில் இருக்கும் இந்த மரபணுவை 2005-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டு எஸ்.கே.சி. 1 என்று பெயர் வைத்தார்கள். கோதுமையிலும் இதன் உறவுக்கார மரபணு உண்டு. முன்ஸ் குழு பழைய கோதுமை உறவினம் ஒன்றிலிருந்து அதை துரும் என்ற கோதுமை வகைக்கு மாற்றி, உவர் வயலில் 25 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்று 2012-ல் வெளியிட்டது. மரபணு மாற்றம் இல்லை, சாதாரண இனக்கலப்புதான்.

இப்போது கவனியுங்கள். இந்தப் புரதத்துக்கும் வறட்சிக்கும் நேரடி வேலை எதுவும் இல்லை. மழையில்லாத நல்ல மண்ணில் அது சும்மா இருக்கும். அதே மாதிரி உகாவின் வேர்க்கோணத்துக்கும் சோடியத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கும் பொதுவானது இலைத்துளையை மூடுவதும் செல்லுக்குள் சர்க்கரை சேர்ப்பதும்தான், அது எல்லா ரகமும் கூடக் குறையச் செய்வது. ரகத்தை ரகத்திலிருந்து பிரிப்பது பொதுவாக இல்லாத பகுதிதான். விதை போலியா என்ற முதல் கேள்விக்கு இதுவே என் பதில். விதை நல்ல விதைதான், அதனிடம் கேட்ட வேலைதான் வேறு.

ஜனவரி 19

பொங்கல் முடிந்து மறுபடி எழுதியிருக்கிறார். வாய்மடைப் பக்கம் கதிர் முழுதாக வெளிவந்து மணி பிடித்திருக்கிறது. கடைமடைப் பக்கம் பாதி பதர், மீதியில் பாதி கருக்காய் (அரைகுறையாக நிரம்பிய மணி). "கடைமடையில் உப்பா, வறட்சியா?"

அனுப்பிய படத்தில் கடைமடைக் கதிர்கள் அடிப்பாகம் பொதிக்குள் சிக்கியிருக்கின்றன. அது பூக்கும் முன் தண்ணீர் தப்பியதன் அடையாளம். ஆனால் அங்கேதான் வரப்போரத்தில் வெள்ளைப் படலமும் தெரிகிறது. விரலில் தொட்டால் மாவாக ஒட்டும், மேலே மெல்லிய பொருக்கு. தண்ணீர் போய்ச் சேராத இடத்தில் ஈரம் மேல்நோக்கி ஏறி ஆவியாகி உப்பைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. வாய்மடையில் ஒவ்வொரு தடவையும் கூடுதல் தண்ணீர் இறங்கியதால் உப்பு வேருக்குக் கீழே போயிற்று. ஆக கடைமடையில் இரண்டையும் பிரிக்க முடியாது, தண்ணீர் குறைந்ததால்தான் உப்பும் நின்றது.

அறுவடையில் அந்தப் பகுதியைத் தனியாக அடியுங்கள். அதிலிருந்து விதைக்கு எடுக்க வேண்டாம். "உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும் பக்குவத்தில் போட்டால் பதர் பிரிந்துவிடுமே" என்கிறார். பிரியும். அந்த வயலுக்கு உப்பு வாங்கும் செலவாவது மிச்சம், போர் தண்ணீரையே இன்னும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் போதும்.

பிப்ரவரி 2

"ஜிப்சம் மானியத்தில் கிடைக்கிறதாம், போட்டுவிடட்டுமா?"

மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) என்ன? 8.5-க்கு மேல் போனால் களர், அப்போது ஜிப்சம் வேண்டும், கால்சியம் வந்து சோடியத்தை மண்துகளிலிருந்து விரட்டும், பிறகு நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் காசு மண்ணில். பி.எச். அதற்குக் கீழே, உப்பு மட்டும் கூடுதல் என்றால் அது வெறும் உவர், ஜிப்சத்தால் பெரிய பயன் இல்லை. நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். நம் செம்மண் மேட்டில் ஒரு நல்ல ஐப்பசி மழையே அதைச் செய்துவிடும். கண்மாய்க்குக் கீழே களிமண் தாழ்வில் செய்யாது, அங்கே கடைமடையில் ஒரு வடிகால் வெட்டிவிட்டுத்தான் மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

சலவைக்காரர்கள் முன்பு உவர்மண் அள்ளிய இடம் எது என்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். அந்தப் பக்கத்து வயல் என்றால் பி.எச். பார்க்காமல் எதுவும் வாங்காதீர்கள்.

பிப்ரவரி 3

பசுந்தாள் உரத்துக்குச் சணப்பா, தக்கைப்பூண்டா என்று கேட்டதற்கு: தக்கைப்பூண்டு. உவரிலும் தேங்கிய தண்ணீரிலும் நிற்கும், சணப்பு நிற்காது. ஆடியில் மழை கண்டால் விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதுவிடுங்கள். ஆடி பொய்த்தால் ஆவணிக்குத் தள்ளிவையுங்கள், போர் தண்ணீர் விட்டு வளர்க்க வேண்டாம்.